ராஜினாமாக்காரர்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் அவருக்கு ராஜினாமாக்காரர் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. முப்பத்துநாலு வருடத்தில் மூன்று முறை வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போய், மூன்று முறையும் திரும்பி வந்து அதே இயந்திரத்தின் முன்னால் நின்ற மனிதரை வேறு எப்படித்தான் கூப்பிடுவது? கோபித்துக்கொண்டு போனவர் இல்லை, மேலாளரோடு வாய்த்தகராறும் இல்லை. சம்பளத்தில் மாதாமாதம் பிடித்து வைக்கிற ஓய்வுக்காலப் பணம் முழுசாகக் கைக்கு வரவேண்டுமென்றால், வேலையை விட்டு இரண்டு மாதம் ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. அந்த இரண்டு மாதத்துக்காகத்தான் ராஜினாமா.

முதல் முறை அவர் போனபோது உடன் வேலை செய்தவர்கள் உண்மையென்று நம்பி, கண் கலங்கி, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு அலாரம் கடிகாரம் வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டாம் முறை பாதி நம்பிக்கையோடு ஒரு பிளாஸ்க். மூன்றாம் முறை யாரும் பைக்குள் கையை விடவில்லை. "போயிட்டு வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

அவரைத் திரும்ப எடுத்துக்கொள்வதில் நிர்வாகத்துக்குக் கொள்ளை ஆசை. சூடான உருளைகளுக்கு நடுவே மூன்று தாள்கள் ஓடி, நடுத்தாள் அலையலையாக மடிந்து, பசை பட்டு ஒட்டி அட்டையாக வெளியே வரும் அந்தப் பெரிய இயந்திரத்துக்கு எங்கே வலிக்கிறது என்று அவர் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்ட ஆள் புதியவர்களுக்கான அடிமட்டச் சம்பளத்துக்குத் தானாக வந்து நின்றால் எந்த மேலாளருக்குக் கசக்கும்? ஒவ்வொரு முறையும் சம்பளம் கீழே இறங்கி மறுபடி தவழ்ந்து தவழ்ந்து மேலே ஏறியது. அதை ஒரு நஷ்டமாக அவர் எண்ணிப் பார்த்ததே இல்லை.

ஊதாரி என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. அவருடைய அப்பா கடனோடு செத்தவர். சாவு வீட்டு வாசலிலேயே கடன்காரர் இருவர் நின்றதைப் பதினாறு வயதில் பார்த்தவர், செத்தாலும் கடன் வாங்குவதில்லை என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். ஆகவே பெரிய செலவு எது வந்தாலும் கடன் கேட்கப் போகாமல் தன் பணத்தையே எடுத்தார். முதல் முறை மச்சானோடு கூட்டுச் சேர்ந்து சரக்கு வண்டி வாங்க. வண்டி ஒன்றரை வருடம் ஓடியது, மச்சானும் அதன் பிறகு கொஞ்ச நாள் கண்ணில் படாமல் ஓடினார். இரண்டாம் முறை வாடகைக்கு விடலாமென்று மாடியில் ஒரு அறை கட்ட. அது ஒழுகியது, ஒழுகுகிற அறைக்கு என்ன வாடகை வருமோ அது வந்தது. மூன்றாம் முறை மகனின் படிப்புக்கு.

இன்னொரு விஷயமும் அவர் மனதில் இருந்தது, வெளியே அதிகம் சொல்ல மாட்டார். அவர் வீட்டு ஆண்கள் யாரும் ஐம்பத்தைந்தைத் தாண்டியதில்லை. அப்பா ஐம்பத்திரண்டில், பெரியப்பா நாற்பத்தொன்பதில், அண்ணன் ஐம்பதில். கிழவனாகி வாங்கப்போகிற பணத்தைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் அதற்கு வேறு ஆளைப் பாருங்கள் என்று சிரிப்பார். ஆனால் மனிதர் ஐம்பத்தைந்தைத் தாண்டித் தொலைத்தார். சர்க்கரை இல்லை, இரத்த அழுத்தம் இல்லை, பல் கூட எல்லாம் இருந்தது.

மூன்றாம் முறை எழுதிக் கொடுக்கப் போன நாளை அவர் இன்னும் மறக்கவில்லை. சம்பளப் பிரிவில் இருந்த அம்மா கண்டிப்பான மனுஷி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் பேசுவார். இவருடைய காகிதத்தை வாங்காமல் மேஜை விளிம்பிலேயே வைக்கச் சொல்லிவிட்டு, இவர் கணக்கைப் பார்த்தார். கடைசியாக இவர் வேலையில் சேர்ந்து ஒன்பது வருடம் ஏழு மாதம் ஆகியிருந்தது. பத்து வருடம் நிறைந்துவிட்டால் ஓய்வுக்குப் பிறகு சாகும்வரை மாதாமாதம் பென்ஷன் உண்டு, அவருக்குப் பின்னால் மனைவிக்கும் அதில் பாதி உண்டு, இன்னும் ஐந்தே மாதம் பொறுங்கள் என்று எடுத்துச் சொன்னார். கல்லூரி அதுவரை பொறுக்காது என்றார் இவர். அதற்கும் அந்த அம்மா வழி வைத்திருந்தார். வேலையை விடாமலே சேமிப்பிலிருந்து முன்பணம் எடுக்கலாம், சம்பளத்தில் சிறுகச் சிறுகத் திருப்பிக் கட்டலாம், விண்ணப்பத்தாளும் இதோ இருக்கிறது என்று இழுப்பறையைத் திறந்தார்.

"திருப்பிக் கட்டணும்னா அது கடன்தானே?" என்றார் இவர்.

"உங்க பணத்தை நீங்களே வாங்குறீங்க. இதுல என்னண்ணே கடன்?"

"வேணாம்மா. எங்க வீட்டுல அந்தப் பழக்கம் இல்ல."

அந்த அம்மா இரண்டாம் முறையும் சொன்னார், மூன்றாம் முறையும் சொன்னார். இவர் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று, பாக்கி ஐந்து மாதம். ஐந்து மாதம்தானே, திரும்பி வந்து போட்டுவிட்டால் போயிற்று என்று கணக்குப் போட்டுக்கொண்டே படியிறங்கினார். பணத்தைத்தானே எடுக்கிறோம், உழைத்த வருடத்தையா எடுக்கிறோம் என்பது அவர் எண்ணம். கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெளிந்திருக்கும். கேட்கவில்லை.

அவருடைய மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. படுக்கை விரிப்புகளைச் சூட்டு உருளையில் விட்டு எடுத்து மடிக்க வேண்டும். நாள் முழுக்க நின்றபடி செய்கிற வேலை. காலை ஐந்தரைக்குக் கூடத்தில் இருக்க வேண்டுமென்றால் நாலரைக்கு எழுந்தாக வேண்டும். கணவருக்கு முதல் வழியனுப்பில் வந்த அலாரம் கடிகாரம்தான் அவளை இத்தனை வருடமும் எழுப்பியது. முழங்கால் இரண்டும் வீங்கி, மாலையில் வெந்நீரில் துணியை முக்கி ஒத்தடம் கொடுத்துக்கொண்டுதான் அடுத்த வேலையைப் பார்ப்பாள். நான் ஓய்வு பெறுகிற அன்றைக்கே நீயும் நின்றுவிடு, பென்ஷன் வரும், மாடி வாடகை வரும், இரண்டு பேருக்கும் தாராளம் என்று அவர் சொல்லி வைத்திருந்தார். ஊர் சுற்ற வேண்டும், நகை வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. எட்டு மணி வரைக்கும் தூங்க வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

ஓய்வுக்குப் பதினெட்டு நாள் இருக்கையில், ஒரு திங்கட்கிழமை, பென்ஷன் தாள்களில் எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று விசாரிக்கச் சம்பளப் பிரிவுக்குப் போனார். அதே அம்மா, தலை மட்டும் நரைத்திருந்தது. கடைசியாகச் சேர்ந்ததிலிருந்து எட்டு வருடம் ஒன்பது மாதம்தான் ஆகிறது என்றார். முன்னால் உழைத்த வருடங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார் இவர், அப்பாவியாக.

"எடுத்தா அதோட போச்சுண்ணே. பணம் போனா வருஷமும் கூடவே போயிடும். ஒவ்வொரு தடவையும் நீங்க முதல்ல இருந்துதான் ஆரம்பிச்சீங்க."

மாதாமாதம் எதுவும் வராது, மொத்தமாக ஒரு தொகை வரும், சிக்கனமாக இருந்தால் இரண்டரை வருடம் தள்ளலாம் என்று அந்த அம்மாவே ஒரு தாளில் போட்டுக் காட்டினார். அன்றைக்கே சொன்னேனே என்று அவர் சொல்லிக்காட்டவில்லை. சொல்லிக்காட்டியிருந்தால் கோபித்துக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம், அந்த ஆறுதலும் இவருக்குக் கிடைக்கவில்லை.

திங்கள் மாலை வீட்டில் வாயைத் திறக்கவில்லை. செவ்வாயன்று சொல்லலாமென்று உட்கார்ந்தார், அவள் முழங்காலில் துணியை வைத்தபடி இன்னும் பதினேழு நாள் என்று சிரித்தாள். புதன், வியாழன் இப்படியே போயின. வெள்ளிக்கிழமை அவள் சலவைக்கூடத்தில் வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள். வந்து, கையெழுத்து நன்றாக வந்தது என்று வேறு சொன்னாள். நல்லது என்றார் அவர்.

கடைசி நாளில் தொழிற்சாலையில் அவருக்கு ஒரு வழியனுப்பு நடந்தது. கேலிக்குக் குறைவில்லை. அண்ணே, திரும்ப எப்போ வர்றீங்க, இரண்டு மாதத்திலா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். மறுவாரமே அவர் தொழிற்சாலை வாசலில் போய் நின்றது நிஜம். இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள ஏதாவது தினக்கூலி உண்டா என்று கேட்டார். ஓய்வு வயதைத் தாண்டியவரை உள்ளே விட விதியில்லை என்று சொல்லிவிட்டார்கள். அடுத்த தெருவுகளில் காவலாளி வேலை கேட்டுப் பார்த்தார், இளையவர்களைத்தான் தேடினார்கள். வீட்டில் கேட்டால், பென்ஷன் வர மூன்று மாதம் பிடிக்கும், அலுவலகங்களில் அப்படித்தான் என்று மழுப்பினார். மகனிடம் கேட்க மனம் வரவில்லை. அவன் தூரத்து ஊரில், கைக்குழந்தையோடு வாடகை வீட்டில் இழுபறியாக இருந்தான்.

அவளுக்கோ முதல் வாரம் தூக்கம் வரவில்லை. நாலரைக்கே கண் விழித்துக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். இரண்டாம் வாரம் ஆறு மணி, மூன்றாம் வாரம் ஏழு. ஒருநாள் நிஜமாகவே எட்டு மணிக்கு எழுந்து வந்து, வெயில் சுவரில் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது பாருங்கள் என்று குழந்தை மாதிரி காட்டினாள். அவர் சுவரைப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

நாற்பத்தோராம் நாள் தபாலில் கடிதம் வந்தது. அவர் குளித்துவிட்டு வருவதற்குள் அவள் பிரித்துப் படித்துவிட்டாள். மொத்தத் தொகை வங்கியில் செலுத்தப்பட்டது, கணக்கு முடிக்கப்பட்டது என்று இரண்டே வரி. ஈரத்தலையோடு நின்று அவர் எல்லாவற்றையும் சொன்னார், வண்டியிலிருந்து ஐந்து மாதம் வரைக்கும். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"இது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஒரு திங்கக்கிழமை."

"எந்தத் திங்கக்கிழமை?"

"நீ எழுதிக் குடுத்த வாரம்."

அவள் கடிதத்தை மடித்து உறைக்குள் திரும்ப வைத்தாள். "பணம் போனது போகட்டுங்க. வண்டியும் மாடியும் நான் வேண்டாம்னா சொன்னேன், நானும் சேர்ந்துதானே தலையாட்டினேன். அந்த நாலு நாள்ல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாள்.  

மறுநாள் அவளே சலவைக்கூடத்துக்குப் போனாள். மேற்பார்வை செய்கிறவள் நல்லவள்தான், ஆனால் நிர்வாகம் புதிய ஒப்பந்தக்காரரிடம் போயிருந்தது. பழைய சம்பளம் கிடையாது, புதிதாகச் சேருகிறவர்களுக்கு உள்ளதுதான், சம்மதமென்றால் திங்கட்கிழமை வரலாம் என்றார்கள். மாலையில் விண்ணப்பத்தாளோடு வந்து, கண்ணாடியைத் தேடி எடுத்து அவரிடம் கொடுத்தாள்.

"நானும் இப்ப ராஜினாமாக்காரி ஆயிட்டேன். படிங்க, என்ன எழுதியிருக்குன்னு."

அவர் வரி வரியாகப் படித்தார். இரண்டாம் பக்கத்தில், சம்பளத்தில் ஓய்வுக்காலப் பிடித்தம் வேண்டுமா, அல்லது முழுச் சம்பளமும் கையில் வேண்டுமா என்று இரண்டு கட்டங்கள் இருந்தன. பிடித்தம் வேண்டும் என்பதில் அவள் கோடு போட்டாள். பென்ஷனுக்கு எத்தனை வருடம் என்று கேட்டாள். விடாமல் பத்து வருடம் என்றார்.

"நடுவுல எடுத்தா?"

"முதல்ல இருந்து" என்றார். 

அவளுக்கு வயது ஐம்பத்துமூன்று. விரல்விட்டு எண்ணிப் பார்த்து, அறுபத்துமூன்று என்று சொல்லிக்கொண்டாள். பிறகு, தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பணம் யாருக்குப் போக வேண்டும் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதினாள். உன் பையன் பேரைப் போடு, நான் எத்தனை நாளைக்கு என்றார் அவர், பழைய பழக்கத்தில்.

"இந்தப் பேச்சை நம்பித்தான் இங்க வந்து நிக்கிறோம்" என்றாள் அவள். "நீங்க இருப்பீங்க. இருந்து, காலையில சமையலைப் பாத்துக்கோங்க."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் வேலைக்குப் போடும் தட்டையான செருப்பைத் துடைத்து வாசலில் வைத்தாள். அலமாரியிலிருந்து கடிகாரத்தை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள். ஓய்வு பெற்ற அன்று அதன் அலாரத்தை அணைத்து வைத்தவள் அவள்தான். முதல் ராஜினாமாவின்போது கொடுத்தவர்கள் பின்பக்கத்தில் பொறித்த எழுத்தில், நிம்மதியான ஓய்வுக்கு என்பது மட்டும் தேயாமல் இருந்தது. அவர் அதைக் கவிழ்த்துப் பிடித்து, முள்ளைத் திருகி, நாலரையில் நிறுத்தினார்.