மொட்டு வாடை

எங்கள் போஸ் வட்டாரத்தில் மேப்பிள் மரச் சாற்றைப் பாகாகக் காய்ச்ச ரொஸேர் அத்தானை விட்டால் ஆள் கிடையாது. என் அக்கா யுகெத்தைக் கட்டிய நாளிலிருந்து பார்க்கிறேன். வாயாடி, பிடிவாதக்காரர், தங்கமான மனுஷன். அந்த அடுப்புதான் அவர் உயிர்.

வசந்தத்தில் மரம் மொட்டு விட்டால் சாறு கெட்டுவிடும். காய்ச்சினால் வெந்த முட்டைக்கோஸ் நாற்றம். ஆவியில் அந்த வாடை லேசாக வந்ததுமே அத்தான் அடுப்பை அணைத்துவிடுவார்.

ஈஸ்டர் ஞாயிறு குடும்பம் மொத்தமும் அவர் பாகு காய்ச்சும் கொட்டகைக்குப் போவோம். பட்டாணி சூப், பன்றித் தொடைக்கறி, முட்டை, எல்லாவற்றின் மேலும் புதுப் பாகு. பாகைக் குறை சொல்லி அவரைச் சீண்டாவிட்டால் எங்களுக்குச் சாப்பாடே இறங்காது.

இந்த வருஷம் ஒரு வாய் வைத்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முட்டைக்கோஸ்! சுற்றிப் பார்த்தேன். முப்பது பேரும் தலைநிமிராமல் தின்றுகொண்டிருந்தார்கள். ஊறுகாய் ஜாடி மட்டும் கைமாறிக்கொண்டே இருந்தது.

"எப்படி இருக்கு, மாப்ள?" என்றார் அத்தான்.

"பிரமாதம் அத்தான்."

அவர் முகம் வாடிவிட்டது. "முப்பது வருஷமா தண்ணின்னே, தாருன்னே. ஒரு நாள் நல்லாருக்குன்னு சொல்லிருப்பியாடா? என் பாகுக்கு என்ன ஆச்சு?"

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "மொட்டு வாடை அடிக்குது, மனுஷா."

அத்தான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "ஜனவரில வந்த சளியோட மூக்கு போச்சு. தெரிஞ்சா அடுப்புகிட்ட விடமாட்டீங்கன்னு மறைச்சேன்."

என் நீள மூக்கைத் தொட்டுக் காட்டினேன். "இது சும்மாதானே கிடக்கு, அத்தான். வச்சுக்கோங்க."

"அது தொப்பி மாட்டத்தான்டா லாயக்கு."

எல்லோரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. "எனக்கு அப்பவே தெரியும். ரொட்டி கருகுது, நீ பக்கத்துலயே உக்காந்து பேப்பர் படிக்கிற."

"அப்போ தினம் காபியைத் தூக்கிக்கிட்டுக் கொட்டகைக்கு வந்தியே?"

"மோந்து பாக்கத்தான். இன்னைக்கு இந்தக் கூட்டத்துக்குச் சமைச்சதுல வர முடியல."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"நீ சொல்லலியே."

அத்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை.

"அடுத்த வருஷமும் காபி கொண்டா," என்றார். "கொஞ்சம் சூடா."