ஞாயிற்றுக்கிழமை ரத்த அழுத்தம்

“2008 ஆகஸ்ட் 3, ஞாயிறு. காலை 10.20. 128/82. கோயிலிலிருந்து வந்து கால் மணி நேரம் உட்கார்ந்த பின்.”

என் நோட்டின் பதிவு இது. மனைவி ஜெயராணிக்கு ரத்தக்கொதிப்பு (ரத்தக் குழாய்களில் அழுத்தம் மிகுதல்) என்று தெரிந்ததும் ஒரு கருவி வாங்கினேன். ஐந்து மாதம், வாரம் தவறாமல் பார்த்து எழுதினேன். எண்களில் குறையே இல்லை.

அடுத்த புதன்கிழமை, அவள் வேலை பார்க்கும் பனியன் கம்பெனியில், துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மிஷினில் அவளுடைய இடது கை துணியை விட்டுவிட்டது. பேச்சுக் குழறியது. நான் என் கம்பெனியிலிருந்து ஓடிப் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் சரியாகியிருந்தது. “ஒண்ணுமில்ல, அந்த பண்டலை முடிச்சிட்டு வாறேன்” என்றாள்.

ஆஸ்பத்திரியில் எடுத்த ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை. மூளைக்குப் போகும் ரத்தம் சிறிது நேரம் தடைப்பட்டிருக்கிறது, பெரிய பக்கவாதத்துக்கு முன்னெச்சரிக்கை என்றார்கள்.

மறுவாரம், நாங்கள் குடியிருக்கும் அருள்புரத்தில், வழக்கமாகப் பார்க்கும் எங்கள் டாக்டர் நோட்டைப் புரட்டினார்.

“ஏனுங்க, அத்தனையும் ஞாயித்துக்கெழமைங்களா?”

“அன்னைக்குத்தான் சார் லீவு.”

“வேலை நாள்ல பாக்கவே இல்லீங்களா?” அவள் பக்கம் திரும்பினார். “மாத்திரை தினமும் போட்டீங்களாம்மா?”

ஜெயராணி முந்தானையைத் திருகினாள். “ஞாயித்துக்கிழமை போட்டேன் சார்.”

நான்தான் தினமும் ஒரு மாத்திரையைத் தாளில் மடித்து அவள் டிபன் பையில் வைப்பேன். டீ நேரத்தில் போடுவதாகச் சொல்லியிருந்தாள்.

“அதப் போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருது சார். ரெண்டு தடவ எந்திரிச்சாலே சூப்பர்வைசர் சத்தம் போடுதாரு. எனக்கு அடுத்து தைக்கிற பிள்ளைக்கும் பீஸ் வராம வேலை நின்னுரும்.”

அது நீர் பிரிக்கும் மருந்து சேர்ந்த மாத்திரை. டாக்டர் திட்டவில்லை. “இதச் சொல்லியிருந்தா அன்னைக்கே மாத்திக் குடுத்திருப்பேனுங்கம்மா” என்று வேறு மாத்திரை எழுதினார்.

வெளியே வந்ததும் கேட்டேன்: “எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்லா?”

“நோட்டுல எழுதும்போது ஒங்க மூஞ்சிய நீங்க பாத்ததில்ல. பரீட்சையில பாஸான மாதிரி இருப்பீங்க. அதக் கெடுக்க மனசு வரல.”

இதே நோய் உள்ள வீட்டாருக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். வேலை நாளிலும் அளந்து பாருங்கள். மாத்திரை போட்டாயா என்று கேட்பதோடு நிறுத்தாமல், போட்டால் என்ன தொந்தரவு என்றும் கேளுங்கள். நான் ஐந்து மாதம் கேட்கவில்லை.

இப்போது அவள் வேலைக்குக் கிளம்பும்போது இரண்டு கைகளையும் நீட்டச் சொல்லி, இரண்டிலும் ஒரே பலம் இருக்கிறதா என்று பார்க்க என் விரல்களைப் பிடிக்கச் சொல்கிறேன். வேண்டுமென்றே நெரிக்கிறாள். வலிக்கும்போது எனக்கு அந்த நாள் தொடங்குகிறது.

ஒன்று மட்டும் தெளிவாகவில்லை. அந்தப் புதனுக்கு முந்தின திங்கள் காலை, அவள் கையிலிருந்து ஒரு தம்ளர் நழுவி விழுந்தது. எந்தக் கை என்று நான் பார்க்கவில்லை. சோப்பு வழுக்கியது என்கிறாள். அப்படித்தானா என்பதை இன்றுவரை என்னால் சரிபார்க்க முடியவில்லை.