படிவத்தில் இல்லாத கட்டம்

எங்கள் பெண்கள் சங்கத்தின் நடைமுறைக் கோவையில் ஏழாம் விதி இப்படிச் சொல்கிறது: "எந்தப் படிவமும், உரியவருக்கு அவருடைய மொழியில் வாசித்துக் காட்டப்படாமல் அனுப்பப்படக் கூடாது." அதை எழுதியவள் நான். முதலில் மீறியவளும் நானே.

கவுன்சில் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, லண்டன் கிங்ஸ்பரியில் ஒரு மண்டபத்தில் மாதம் ஒருமுறை தமிழ், சிங்களப் பெண்களை ஒரே மேசையில் உட்கார வைக்கும் வேலையை ஏற்றேன். முதல் ஆண்டில் ஏற்பட்ட ஒரே சமாதான உடன்பாடு, தேநீர்க் கோப்பைகளை யார் கழுவுவது என்பதில்தான்.

இரண்டாம் ஆண்டில் தமிழரான யோகமும் சிங்களவரான சிறியானியும் பேசத் தொடங்கினார்கள். சட்டனிலிருந்து வரும் யோகத்தின் கணவர் போரின் இறுதியில் காணாமற்போனவர். குரோய்டனிலிருந்து வரும் சிறியானியின் கணவர் இராணுவச் சிப்பாய், அவரும் திரும்பவில்லை. இருவரையும் தேடும்படி இலங்கையிலுள்ள காணாமற்போனோர் அலுவலகத்துக்கு ஒரே விண்ணப்பமாக அனுப்ப அவர்களே முடிவெடுத்தார்கள். இரு தரப்பு மனைவிமார் ஒரே தாளில் கையொப்பமிடுவதை நான் அதுவரை கண்டதில்லை.

படிவத்தை வீட்டிலிருந்தே நிரப்பினேன். திருமண நிலைக்கு மூன்று கட்டங்கள்: திருமணமாகாதவர், திருமணமானவர், விதவை. திருமணமானவர் என்றால் கணவரின் தற்போதைய முகவரி கட்டாயம். முகவரி தெரிந்தால் விண்ணப்பம் எதற்கு? ஆகவே இருவருக்கும் விதவை என்று அடையாளமிட்டேன்.

கையொப்பமிட வந்த யோகம், நெற்றியில் வழக்கமான குங்குமத்துடன், பேனையைத் திறந்தவர், அந்த அடையாளத்தைக் கண்டு மூடினார்.

"மிஸ், எனக்குச் சொல்லாமலே செத்தவீடு முடிச்சிட்டீங்களோ?"

"அதில வேற பொக்ஸ் இல்லை, யோகம்."

"பொக்ஸ் இல்லையெண்டா என்ர மனுசனைச் சாக்காட்டுறதோ? என்ர பேரை எடுங்கோ. நான் வாறன்."

மேலங்கியை மாட்டினார். கூட்டு விண்ணப்பம் அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். கொழும்பில் அயலவர்களிடம் தமிழ் பழகிய சிறியானி தன் பக்கத்தைப் புரட்டினார்.

"இருங்க அக்கா. மிஸ் என்ட ஆளையும் சாகடிச்சுத்தான் இருக்கிறாங்க. தனியா போக வேணாம், சேர்ந்து ஏசுவோம்."

யோகத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மேலங்கியோடேயே உட்கார்ந்தார். சிறியானி விதவைக்குக் கீழே பேனையால் ஒரு கட்டம் வரைந்து, பக்கத்தில் சிங்களத்தில் எழுதினார்.

"என்ன பிள்ளை எழுதினனீ?"

"காத்துக்கொண்டு இருக்கிறவள்."

யோகம் தன் பக்கத்தில் அதையே தமிழில் எழுதினார்.

"படிவத்தை மாத்தினா நிராகரிச்சுப்போடுவினம்," என்றேன்.

"நிராகரிக்கட்டும். இந்த முறையாவது வாசிச்சுக் காட்டிப்போட்டு அனுப்புங்கோ."

தமிழிலும், என் அரைகுறைச் சிங்களத்திலும் வாசித்துக் காட்டினேன். பிறகு எனக்குத் தெரிந்த கலையில் இறங்கினேன்: முகப்புக் கடிதம், அந்தக் கட்டம் ஏன் தேவை என்று ஓர் இணைப்பு, பதிவுத் தபால், நான்கு நினைவூட்டல்கள். இருபத்தெட்டு நாளில் பதில் தர வேண்டும் என்பது அந்த அலுவலகத்தின் விதி. அவர்களும் என்னைப்போலவே விதியை மதிப்பவர்கள்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு பெண்ணின் நிலையை அவளிடம் கேட்காமல் நிரப்பாதீர்கள்.

கெடு கடந்து வந்த பதிலில் கணவர்மாரைப் பற்றிச் செய்தி எதுவும் இல்லை. தேடல் தொடங்கிவிட்டது என்று ஒரு வரி. இரண்டு பெயர்களுக்கும் ஒரே கோப்பு இலக்கம். கூடவே புதிதாக அச்சிட்ட படிவம் ஒன்று, அதில் நான்காவது கட்டம்: "கணவரை எதிர்பார்த்திருப்பவர்." அதை யோகம் மண்டபச் சுவரில் ஒட்ட, சிறியானி மூலைகளைப் பிடித்துக்கொண்டார். நான் வழக்கம்போல உறையின் மேல் குறித்தேன்: கிடைத்தது, நவம்பர் 14, வியாழக்கிழமை.