விண்வெளி நாவலும் நாற்பது ஜாக்கெட்டும்

என் நாத்தனாருக்குக் கதைப் புத்தகம் என்றாலே வேப்பங்காய். "நடக்காத விஷயத்துக்கு நானூறு பக்கமா?" என்பாள். நூலகத்தில் வேலை பார்க்கிற எனக்கு எப்படி இருக்கும்! போன மாதம் கணுக்காலில் கட்டோடு என் வீட்டு சோபாவில் வந்து விழுந்தாள். மூன்றே நாளில் என் சமையலில் குறை, துணி மடிப்பதில் குறை. வாயை அடைக்க ஒரு நாவலைக் கையில் திணித்தேன்.

தூரத்துக் கிரகத்தில் முதல் காலடி வைத்தே தீருவேன் என்று கிளம்புகிற ஒரு பெண் கேப்டனின் கதை அது. விண்கலத்தில் சின்னக் கசிவு இருப்பது அவளுக்கு மட்டும் தெரியும். சொன்னால் பயணம் தள்ளிப்போகும் என்று மறைத்துவிடுகிறாள். அந்தக் கசிவால் கூட வந்த ஒருவர் சாகிறார். இவள் கிரகத்தில் இறங்குகிறாள். இரண்டு தடவை படித்தேன், இரண்டு தடவையும் அழுதேன். அவள் அந்த மண்ணில் கால் வைக்கிற இடத்தில் எனக்கு இன்னும் புல்லரிக்கும்.

நாத்தனார் தீயணைப்பு வீரர்களுக்கு ஜாக்கெட் தைக்கும் தொழிற்சாலையில் பதினொரு வருடமாகத் தையல்காரி. மேற்பார்வையாளர் பதவிக்கு இந்த முறை அவள் பெயர்தான் முதலில் இருந்தது. கால் சரியாகிப் போனதும் உத்தரவு கையில் என்று பேச்சு.

நாவலை முடித்த மத்தியானம் அவள் புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். "கேப்டனைத் திட்டப் போறே, அதானே?" என்றேன்.

"எதுக்குத் திட்டணும்? ஆசைப்படாம எவ அவ்வளவு தூரம் போவா? எனக்கு அவளைப் பிடிச்சிருக்கு." புத்தகத்தைத் தள்ளி வைத்தாள். "அண்ணி, நான் குண்டூசி குத்திட்டேன்."

எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள். ஜாக்கெட்டின் நடு அடுக்கு, தண்ணீரும் நீராவியும் புகாத மெல்லிய துணி. தையல் போகும் இடத்தை டேப் ஒட்டி மூடிவிடுவார்கள். வேறெங்கும் துளை விழக்கூடாது என்பதால் துணியைக் கிளிப் போட்டுத்தான் பிடிப்பார்கள். காலில் அடிபடுவதற்கு முந்தின கடைசி வேலை நாளில், பதவிக்காக வேகம் காட்டப் போய், கிளிப் வழுக்கி வழுக்கிப் போக, நாற்பது காலர்களுக்கும் இவள் குண்டூசி குத்தித் தைத்திருக்கிறாள். அந்த ஜாக்கெட்டுகள் வெள்ளிக்கிழமை லாரி ஏறிவிடும்.

"யாருக்கும் தெரியாதில்ல?" என்று கேட்டேன். எழுதவே கூசுகிறது, ஆனால் கேட்டேன்.

"தெரியாது," என்றாள். போனை எடுத்து மேலாளரைக் கூப்பிட்டாள். "சார், நாப்பதையும் நிறுத்துங்க. காலர்ல குண்டூசி போட்டேன். நான்தான் போட்டேன்." எத்தனையோ கதாநாயகிகளைப் படித்திருக்கிறேன். ஒருத்தி மேலேயும் எனக்கு இவ்வளவு மரியாதை வந்ததில்லை.

நாற்பதிலும் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார்கள். முப்பத்தொன்பதில் துளை டேப்புக்குள்ளேயே அடங்கியிருந்தது. ஒன்றே ஒன்று கசிந்தது. பதவி பக்கத்து மிஷின்காரிக்குப் போனது.

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு ஜாக்கெட்டுக்காகவா பதினொரு வருஷத்தைத் தூக்கிக் கொடுத்தே?"

"போட்டுக்கிட்டு நெருப்புக்குள்ள போறவருக்கு இருக்கறதே ஒரு ஜாக்கெட்தானே அண்ணி," என்றாள்.

பிறகு வாய்விட்டு அழுதாள். பதவி போன துக்கம்தான், அதை அவள் மறைக்கவில்லை. அழுது முடித்து, அடுத்த வருடத்துக்கான விண்ணப்பத்தை இப்போதே எழுதித் தரச் சொன்னாள்.

"என் கையெழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், நீங்களே எழுதுங்க. குண்டூசி விஷயத்தையும் சேர்த்து எழுதுங்க."