வள்ளம் வெளிக்கிட முதல்

வள்ளம் வாடகைக்கு விடுற தொழிலில, போன ஆக்கள் முழுப்பேரும் திரும்பி வரவேணும். மிச்சக் கதையெல்லாம் பிறகு. இரணைமடுக் குளத்தில என்ர மனுசன் வள்ளம் ஓட்டுறார், ஏறுற ஆக்களைச் சரிபாக்கிறது நான். நீங்களும் சுற்றுலா ஆக்களோட மாரடிக்கிறனீங்கள் எண்டா என்ர பாடு விளங்கும்.

கூறைச்சேலை

புதுச்சோடி ஒண்டு வந்தது. லைஃப் ஜாக்கெட்டைக் கண்டதும் பொம்பிளை முகத்தை நீட்டினா. "குளத்துக்குக் கூறைச்சேலை தெரியாது பிள்ளை" எண்டு நானே வாரை இழுத்துக் கட்டிவிட்டன். வள்ளம் கரையை விட்டு விலகேல்லை, அதுக்குள்ள அவா திரும்பிக் கத்தினா: "அக்கா, படம் எடுக்கிற நேரம் மட்டும் கழட்டட்டே?"

ஆறு பேருக்கு எட்டுப் பேர்

வள்ளம் ஆறு பேருக்கு. ஒரு குடும்பம், கனடாவில இருந்து வந்த பெரியவரோட எட்டுப் பேராய் வந்து நிண்டது. ரெண்டு தரமாய்ப் போங்கோ எண்டன். கேக்கேல்லை. எனக்குப் பத்திக்கொண்டு வந்தது, சத்தம் போட்டிட்டன். கடைசியில ரெண்டு தரமாய்த்தான் போனவை. ஆனா முதல் நாலு பேர் ஏறேக்க பெரியவர் என்னைப் பாத்துச் சொன்னது நெஞ்சில தைச்சுப்போச்சு: "எத்தினை வருசத்துக்குப் பிறகு ஒண்டாச் சேந்தனாங்கள் தங்கச்சி, திரும்பவும் பிரிக்கிறியளே."

ஆயுத பூசைக்கு அடுத்த நாள்

இது முழுக்க என்ர பிழை. பூசைக்கு வள்ளத்தைக் கழுவினனாங்கள். கழுவின தண்ணி வடியட்டும் எண்டு, பின்பக்க ஓட்டையின்ர அடைப்பானைக் கழட்டினன். அதுக்கும் சந்தனப் பொட்டு வைச்சு, கொட்டிலில சாமிப்படத்துக்கு முன்னால மற்றச் சாமானுகளோட வைச்சிட்டு, அப்பிடியே மறந்துபோனன்.

அடுத்த நாள் காலமை தர்மபுரத்தில இருந்து ஒரு தாய் ரெண்டு பிள்ளையளோட வந்தா. பிள்ளையளின்ர ஜாக்கெட் வாரை ரெண்டு தரம் இழுத்துப் பாத்துத்தான் ஏத்தினன். வள்ளம் போனபிறகு விளக்குத் திரி தூண்ட நான் கொட்டிலுக்குள்ள போனால், ஐயோ கடவுளே, அடைப்பான் சந்தனத்தோட அங்க இருக்குது! கரைக்கு ஓடிக் கத்தினன், எஞ்சின் சத்தத்தில ஒருதருக்கும் கேக்கேல்லை. நல்லகாலம், மனுசன் தண்ணி ஏறுறதைக் கண்டு, தோளில கிடந்த துவாயை ஓட்டையில திணிச்சு, குதிக்காலால அமத்திக்கொண்டு திருப்பிக் கொண்டு வந்திட்டார். பிள்ளையளுக்குக் கணுக்கால் மட்டும் தண்ணி. நான் அழுதுபோனன். அந்தத் தாய் ஏசேல்லை. சின்னதை இடுப்பில தூக்கிக்கொண்டு கேட்டா: "எங்களை இவ்வளவு பாத்தீங்களே அக்கா, வள்ளத்தை யாரு பாத்தது?"

அந்தக் கேள்வியாலதான் இப்ப ஆக்களை வெருட்ட முதல் வள்ளத்தின்ர பின்பக்கம் போய்க் குனியிறன், முதுகு நோகுதெண்டு ஒருதருக்கும் சொல்லுறதுமில்லை.