இடைவேளைக்குப் பிறகு வராத அம்மா

பவானிபூரில் இட்லி மாவு அரைத்து விற்கிறேன். சின்னக் கடையில் ஆரம்பித்துப் பெரிய கம்பெனி கட்டிய ஒருவரைப் பற்றி சினிமா வந்திருந்தது. ஒரு மத்தியானம் கடையை மூடிவிட்டு, என்னிடம் வேலை செய்யும் நான்கு பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். தொழிலுக்கு ஏழு பாடம் கிடைத்தது. இருட்டிலேயே போனில் குறித்துக்கொண்டேன்.

வெளியே வந்து டீ குடிக்கும்போது, "என்ன கத்துக்கிட்டீங்க?" என்று கேட்டேன். கடை தொடங்கிய நாளிலிருந்து என்னோடு இருக்கும் மினதியை நான் தீதி, அதாவது அக்கா, என்பேன்; அவர் என்னைத் தாதா, அதாவது அண்ணன், என்பார். தீதி வங்காள மொழியில் கேட்டார்: "தாதா, ஆரம்பத்துல அவரோட சேர்ந்து ரொட்டி சுட்டாங்களே ஒரு அம்மா, இடைவேளைக்கு அப்புறம் வரவே இல்லையே. அவங்க என்ன ஆனாங்க?"

நான் கவனிக்கவே இல்லை.

ஜனவரிக் குளிரில் மாவு பொங்காத நாட்களில், தன் சால்வையைப் பாத்திரத்துக்குப் போர்த்திவிட்டு நடுங்கிக்கொண்டு நின்றவர் தீதி. மாவைப் பொங்கவைக்கும் புது மெஷின் வந்ததும் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிடுவதாக இருந்தேன். அது அவருக்குத் தெரியாது. சினிமாவைப் பற்றித்தான் கேட்டார்.

மெஷின் வந்தது. தீதியும் இருக்கிறார். அவர் மூடியைத் திறந்து பார்த்துச் சரி என்ற பிறகுதான் மாவை பாக்கெட்டில் போடுகிறோம்.

அந்த அம்மா என்ன ஆனார் என்று எனக்குத் தெரியும். தீதியிடம்தான் இன்னும் சொல்லவில்லை.