ஹார்ட் டிஸ்க்கில் மட்டும் இருந்த எழுத்துகள்

கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்ட நான் யாரையும் கூப்பிட்டதில்லை. எண்பதுகளின் கடைசியில், பிடோக் வீட்டுப் படுக்கையறை மூலையில் ஒரு மெஷினை வைத்துக்கொண்டு, சிராங்கூன் ரோடு அச்சகங்களுக்குக் கல்யாணப் பத்திரிகை தயார் செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். வெளியே கிடைத்த ஒன்றிரண்டு தமிழ் எழுத்து வகைகள் எனக்குப் பிடிக்கவில்லை. எறும்பு செத்துக் கிடப்பதுபோல் இருக்கும். அதனால் கட்டம் போட்ட தாளில் ஒவ்வொரு எழுத்தையும் புள்ளி புள்ளியாக நானே வரைந்து உள்ளே ஏற்றினேன். இரண்டு வருட வேலை. வரைந்த தாள்களை வீடு மாறும்போது, பழைய சாமான் வாங்க வரும் கராங்குனிக்காரர் பழைய பேப்பரோடு அள்ளிக்கொண்டு போய்விட்டார். நகல் எடுத்த ஃப்ளாப்பிகளில் பூஞ்சை பூத்துவிட்டது. ஆக, என் எழுத்துகள் இருந்தது அந்த ஒரே ஹார்ட் டிஸ்க்கில்தான்.

மெஷினோ ஆமை. ஒரு பத்திரிகை திரையில் வந்து நிற்பதற்குள் சோறு வடித்துவிடலாம். மதர்போர்டையும் பிராசசரையும் மட்டும் மாற்றுவது, ஹார்ட் டிஸ்க்கை அப்படியே வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன். ஜாலான் புசார் கடைக்காரர், சீனர், புது மெஷினையே வாங்கிக்கொள் என்று சிரித்தார். சிரிக்கட்டும். அந்தக் கால டிஸ்க்கை ஓட்ட, மதர்போர்டில் தனியாக ஒரு கார்டு செருக வேண்டும்; தன்னைத் தயார் செய்த கார்டின் பேச்சைத்தான் டிஸ்க் கேட்கும். கார்டை மாற்றினால் டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும், உள்ளே இருப்பது அத்தனையும் அழிந்துவிடும். இது எனக்குத் தெரியும். அதனால் பழைய கார்டையும் பத்திரமாகக் கழற்றி டிஸ்க்கோடு வைத்தேன்.

அன்றைக்கென்று பார்த்து ஆயுத பூஜை. என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். சாமி விஷயத்தில் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

"இன்னைக்குக் கை வைக்காத. எல்லாத்தையும் பூஜையில வைப்போம். நாளைக்கு மாட்டிக்கலாம் லா."

"என்னங்க, பாதி கழட்டிட்டேன்."

"அப்ப பாதியாவே வை."

வைத்தேன். அவருடைய ஸ்பேனர், என் கத்தரிக்கோல், புது மதர்போர்டு, டிஸ்க், கார்டு எல்லாம் சாமி படத்துக்கு முன்னால் வரிசையாக உட்கார்ந்தன. நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். அவர் சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்தார். மறுநாள் காலையில் அவரே துடைத்தும் கொடுத்தார்.

மதியத்துக்குள் மாட்டி முடித்தேன். புது போர்டு ஜம்மென்று எழுந்தது. டிஸ்க் மட்டும் இல்லவே இல்லை என்றது. வயரை மாற்றிச் செருகினேன், இடத்தை மாற்றினேன், திட்டியும் பார்த்தேன். அசையவில்லை. டிஸ்க்கையும் கார்டையும் பையில் போட்டுக்கொண்டு ஜாலான் புசாருக்கு ஓடினேன். கடைக்காரர் தன் மெஷினில் செருகிப் பார்த்துவிட்டு, கார்டு 'ஹாபிஸ்' என்று மலாயில் கையை விரித்தார். கதை முடிந்ததாம். புது கார்டு போட்டு ஃபார்மட் செய்துகொள்ளச் சொன்னார். பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் யாரும் இல்லாதிருந்தால் வாய்விட்டு அழுதிருப்பேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவர், "என்னாச்சு?" என்றார்.

"எல்லாம் உங்க பூஜையாலதான்! நேத்தே மாட்டியிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது!"

"எழுத்து?"

"போச்சு. இரண்டு வருஷமும் போச்சு. போதுமா?"

நான் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வெகு நேரம் கழித்து அழுகை போய் எரிச்சல் வந்தது. கடைக்காரர் செத்துவிட்டது என்றால் நான் அப்படியே நம்பிவிட வேண்டுமா? கார்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். போர்டுக்குள் செருகுகிற ஓரத்தில் தங்க நிறப் பட்டைகள் வரிசையாக இருக்கும். அவற்றின்மேல் வெளிறிய மஞ்சளாக ஏதோ காய்ந்துபோய் ஒட்டியிருந்தது. மோந்து பார்த்தேன். சந்தனம்! அடப் பாவி மனுஷா! மற்றதிலெல்லாம் இரும்பிலோ தகரத்திலோ வைத்தவர், கார்டில் எங்கே வைப்பது என்று தேடியிருக்கிறார். பளபளவென்று தங்கமாக இருந்த இடம் அவர் கண்ணில் பட்டிருக்கிறது. துடைத்தபோது மேலே போனதே தவிர, ஒரு படலம் தங்கி, மின்சாரத்தை மறித்துவிட்டது. அவர்மேல் வந்த கோபத்தை எல்லாம் ரப்பரில் காட்டித் தேய்த்தேன். ஊதினேன். செருகினேன். சுவிட்சைப் போட்டேன்.

டிஸ்க் கரகரவென்று சுற்றியது. 'அ' வந்தது. 'ஆ' வந்தது. கடைசிவரை தட்டிப் பார்த்தேன், ஒன்றுகூடக் குறையவில்லை. எனக்கா தெரியாது என்று நானே சத்தமாகச் சொல்லிக்கொண்டேன்.

உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவது என்ற முடிவோடு கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்கு வந்தேன். அவர் சாப்பாட்டு மேசையில் குனிந்து உட்கார்ந்திருந்தார். முன்னால் நான் செய்த பழைய பத்திரிகை ஒன்று, பூதக்கண்ணாடி, கட்டம் போட்ட புதுத் தாள். கிரேன் நெம்புகோல் பிடிக்கிற அந்தப் பெரிய விரல்களில் பென்சிலைப் பிடித்து, கட்டத்தை எண்ணி எண்ணிப் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். அழித்து அழித்துத் தாளே கறுத்திருந்தது. உயிரெழுத்தில் பாதி முடித்திருந்தார். 'அ' காலை இழுத்துக்கொண்டு நொண்டியது.



"எழுந்திரிங்க. எழுத்தெல்லாம் இருக்கு."

"இருக்கா? எல்லாமா?"

"எல்லாம். கார்டுல ஏதோ அழுக்கு."

அப்பாடா என்று மூச்சு விட்டார். பிறகு தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப இது வேணாம்ல?" என்றார்.

நான் நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"மிச்சத்தையும் போடுங்க," என்றேன்.